பக்கத்து வீட்டையும் சேர்த்து அளந்த பானை

நம் சபைப் பெண்கள் சங்கத்தின் பொன்விழா மலருக்கு, யூதர் வீட்டுப் பண்டிகைச் சமையலைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அடுப்படிப் பக்கம் அதிகம் போகாதவன் நான். ஆனாலும் வேதத்தோடு ஒட்டிய பொருள் என்பதால் மறுக்க மனம் வரவில்லை. பஸ்கா ஏன் வந்தது, புளிப்பில்லா அப்பம் எதைக் குறிக்கிறது என்பதையெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. யூதர் பண்டிகைக்கு உலை வைக்கும்போதே அண்டை வீட்டுக்கும் நண்பருக்கும் ஏழைக்கும் சேர்த்துத்தான் அளவு போட்டார்கள் என்பதை என் வாசிப்பிலிருந்து எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

வேதம் போட்ட கணக்கு

யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். இரத்தம் பூசிய நிலைக்கால்களுக்கு மனம் விரைவதால் நான்காம் வசனத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். ஓர் ஆட்டுக்குட்டியை உண்டு முடிக்க வீட்டில் ஆள் போதாவிட்டால் பக்கத்து வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் எவ்வளவு உண்பார் என்று பார்த்தே குட்டியைக் கணக்கிட வேண்டும் என்கிறது அது. பத்தாம் வசனமோ, விடியும்வரை எதையும் மீதி வைக்கலாகாது, மீந்ததைச் சுட்டெரிக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் சமைப்பவளின் நெருக்கடி புரியும். குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது. அதற்கு ஒரே வழி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். எகிப்தை விட்டுப் புறப்படும் அவசரத்திலும் ஆண்டவர் இந்த ஏற்பாட்டை மறக்கவில்லையே என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ஒரு பஸ்காப் பலிக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் கூடினார்கள், சில கூட்டங்களில் இருபது பேர்வரை இருந்தார்கள் என்று 'யூதப் போர்' நூலில் எழுதுகிறார். அப்படியானால் எருசலேமில் அந்த இரவில் தனித்து உண்டவர் எவரும் இருந்திருக்க முடியாது.

உபாகமம் 16:14 இதை இன்னும் விரிக்கிறது. பண்டிகையில் உடன் மகிழ வேண்டியவர்களாக மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை என்று எட்டு வகையினரை அது அடுக்குகிறது. மனைவியின் பெயர் பட்டியலில் இல்லை. அடுப்படியில் இருந்திருப்பாள் போலும்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் நெகேமியா 8:10. ஏழாம் மாதம் முதல் நாள், நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்ட ஜனங்கள் அழுகிறார்கள். அவர்களைத் தேற்றும்போது சொல்லப்படுவது உபவாசமோ சாம்பலோ அல்ல. கொழுமையானதை உண்டு, மதுரமானதைக் குடித்து, எதுவும் ஆயத்தம் செய்யாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்பதே. எஸ்தர் 9:22-ம் பூரீம் நாளுக்கு இதே முறையை விதிக்கிறது: நண்பருக்கு உணவுப் பங்கு, ஏழைக்குத் தானம்.

நம் வேதாகமத்தில் இல்லாத தோபித்து நூலையும் இங்கே நினைக்க வேண்டும். கத்தோலிக்க அன்பர்கள் அறிவார்கள். நினிவேயில் சிறையிருப்பில் வாழும் தோபித்து, பெந்தெகொஸ்தே நாளில் தன் முன் பரிமாறப்பட்ட பதார்த்தங்களைப் பார்க்கிறார். உடனே கை வைக்கவில்லை. சிறைப்பட்ட நம்மவரில் ஏழை எவரையாவது கூட்டிவா என்று மகனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிதஸ், முற்றத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்பவனுடைய பண்டிகை வெறும் வயிற்றின் கொண்டாட்டமே என்று சட்டநூலிலேயே எழுதி வைத்தார். இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல முடியுமா?

தட்டில் போன திப்பிலி

யூத ரபீக்களின் விவாதத் தொகுப்பான தால்மூத் வறண்ட சட்டநூல் என்று நினைப்பவர்கள் அதில் மெகில்லா பகுதியின் ஏழாம் ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். பூரீம் பலகாரத் தட்டைப் பற்றிய குறும்பான கதைகள் அங்கே உண்டு. பாபிலோனில் ரப்பா என்னும் ஆசான், தம் மாணவர் அபாயே கையில் மாரி பார் மார் என்னும் நண்பருக்கு ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் வறுத்த மாவும் கொடுத்தனுப்புகிறார். பதிலுக்கு அங்கிருந்து வருவது ஒரு பை இஞ்சி, ஒரு கிண்ணம் திப்பிலி! இனிப்பை அனுப்பினால் உறைப்பைத் திருப்பி அனுப்புகிறாரே என்று ஆசான் சொல்லப்போகிறார் எனத் தூது போன அபாயே கவலைப்படுகிறார். திப்பிலி நம் மலைப்பக்கத்துச் சரக்கு. கப்பலேறிப் போய்ப் பூரீம் தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

அதே அபாயே, ஆசான் வீட்டில் வயிறு நிரம்ப உண்டுவிட்டுத்தான் மாரி வீட்டுக்குப் போனாராம். அங்கே அறுபது தட்டுகளில் அறுபது வகைப் பதார்த்தங்கள் வந்தன. அறுபதையும் உண்டுவிட்டுத் தட்டையும் கடிக்கலாம் போலிருந்தது என்கிறார். அவரை அடுத்து வரும் இரு அறிஞர்கள் விருந்தும் அனுப்பித் தாமும் உண்ண வசதியில்லாதவர்கள். ஒருவர் சாப்பாட்டை மற்றவருக்கு அனுப்பி, அவர் சாப்பாட்டை இவர் வாங்கி உண்டு கட்டளையை நிறைவேற்றினார்கள். நண்பருக்கு அனுப்பியதும் ஆயிற்று, விருந்து உண்டதும் ஆயிற்று. ஏழ்மை கட்டளையை நிறுத்தவில்லை.

கொச்சியின் அரிசி

வெகு தூரம் போக வேண்டாம். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் யூதர் தழைத்திருந்தார்கள். கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேட்டையும் 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தையும் பலர் எழுதிவிட்டார்கள். அந்த வீடுகளின் அடுப்படியை அறிய, கொச்சியில் 1912-இல் பிறந்து பின்னர் இஸ்ரவேலுக்குக் குடியேறிய ரூபி டேனியலின் நினைவுகளை வாசிக்க வேண்டும். பார்பரா ஜான்சன் துணையோடு அது 1995-இல் நூலாயிற்று.

பஸ்காவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே அங்கே பெண்களின் வேலை தொடங்கிவிடும். வீடு சுரண்டி வெள்ளையடிக்கப்படும், கிணறு இறைத்துக் கழுவப்படும், பஸ்காப் பாத்திரங்கள் தனியே இறங்கும். அரிசியை முறத்தில் பரப்பி மணி மணியாகப் பார்ப்பார்கள். நொய்யோ கீறலோ இருந்தால் தள்ளிவிடுவார்கள். கீறலுக்குள் புளித்த மா ஒட்டியிருக்கலாமே! மிளகு, மல்லி, மஞ்சள் எல்லாவற்றுக்கும் இதே சோதனை. இதில் பிழை நேர்ந்தால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து வரும் என்று பெண்கள் அஞ்சினார்களாம். அந்த அச்சத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கவனத்தை வணங்குகிறேன்.

அரிசியே பஸ்காவுக்கு ஆகுமா என்பது பழைய வழக்கு. ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர் அதை விலக்கினார்கள். ஆனால் யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பஸ்காவுக்கு எண்ணும் ஐந்து தானியங்களில் அரிசி இல்லை. ராவ் ஹூனா பஸ்கா இரவுக்குரிய இரு பதார்த்தங்களாகக் கீரைக்கிழங்கையும் அரிசியையுமே சொன்னதாகத் தால்மூத்தின் பெசாஹிம் பகுதி கூறுகிறது. எனவே சோறு உண்ட கொச்சியாருக்குச் சாட்சி வலுவாகவே இருந்தது.

தேங்காய்ப்பால் அவர்களுக்குக் கிடைத்த பெரும் உதவி. இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்பது யாத்திராகமம் 23:19-லிருந்து வளர்ந்த சட்டம். தேங்காய்ப்பாலோ மரத்தின் பால், எதனோடும் சேரும். பண்டிகைத் திராட்சரசத்துக்குத் தோட்டம் இல்லாத குறையை உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து தீர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகருக்கு ஏடன் நண்பர்கள் அன்பளிப்பாக அனுப்பியவற்றில் உலர்திராட்சையும் சர்க்கரையும் இருந்ததைக் கெய்ரோ ஜெப ஆலயத்துப் பழைய ஏட்டறையான கெனிசாவில் கிடைத்த கடிதங்கள் காட்டுகின்றன.

ஒரு கசப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இவ்வளவு கவனமாகக் கட்டளை காத்த மட்டாஞ்சேரியிலேயே, அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லிச் சொந்த மதத்தாரை ஜெப ஆலயத்தில் சமமாக உட்கார விடவில்லை. ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் நின்று போராடியே அதை மாற்றினார். உபாகமத்தின் எட்டுப் பேரை மனப்பாடமாக அறிந்தவர்கள் ஒன்பதாவது ஆளைக் கண்டுபிடித்து வெளியே நிறுத்தினார்கள். நம் சபை வரலாற்றிலும் தனிப் பெஞ்சும் தனிப் பந்தியும் இருந்தன என்பதால் கல்லெறிய எனக்குக் கை எழவில்லை.

1950-களில் பெரும்பாலோர் இஸ்ரவேல் போய்ச் சேர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாதீம் ஊரில் அவர்கள் சந்ததியார் வாழ்கிறார்கள்.

பெசஹா அப்பம்

பண்டிகைப் பானையில் அண்டை வீட்டைச் சேர்க்கும் வழக்கம் பஸ்காவைப் பெசஹா என்றழைக்கும் கேரளக் கிறிஸ்தவரிடமும் உண்டு. கோட்டயத்தில் அப்படி ஒரு நண்பர் வீட்டில் பெரிய வியாழன் இரவைக் கழித்திருக்கிறேன். அரிசி மாவும் அரைத்த உளுந்தும் தேங்காயும் சேர்த்து, புளிக்க விடாமல் அன்றே ஆவியில் அவித்த அப்பம். நடுவில் குருத்தோலைச் சிலுவை. குடும்பப் பெரியவர் ஜெபம் செய்து பிட்டு, வயது வரிசைப்படி கொடுத்தார். வெல்லம் கலந்த தேங்காய்ப்பாலில் தோய்த்து உண்டோம். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் அவிப்பதில்லை. அண்டை வீட்டார்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நண்பரின் துணைவியார் வாழையிலை மூடிய ஒரு தூக்குப் பாத்திரத்தை முதலிலேயே தனியே எடுத்து வைத்திருந்தார். பந்தி முடியுமுன் பிள்ளை ஒருவன் அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

சகோதரிகளே, பொன்விழா அன்பின் விருந்துக்கு இலைக்கணக்குப் போடக் கூடும்போது நெகேமியா எட்டாம் அதிகாரத்தை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். வர இயலாத முதியோர், இவ்வாண்டு துக்கம் கண்ட வீடுகள், சபைக் கட்டடத்தைப் பெருக்குபவர், தெருக்கோடியில் புதிதாக வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளிகள் ஆகியோரின் பெயர்களை முதலில் எழுதுங்கள். அதன் பிறகு அரிசி எத்தனை மரக்கால் என்று முடிவு செய்யலாம். முதல் பந்திக்கு முன்பே அவர்களுக்குரிய பாத்திரங்கள் வீடு போய்ச் சேர வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.