காயத்தின் மதிப்பு: யாழ்ப்பாணத்து நட்டஈட்டு வழக்கின் சட்டப் பின்னணி

பருத்தித்துறை வீதியிலோ கண்டி வீதியிலோ மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும் ஒருவர் பிறரது கவனயீனத்தாற் காலிழப்பாராயின், நட்டஈடு கோரி மாவட்ட நீதிமன்றை நாடலாம். அவ்வுரிமை அண்மையில் தோன்றியதன்று. அதன் வேர் உரோமாபுரியிற் கிடக்கின்றது. அவ்வேர் எமது மண்ணிற் படர்ந்தவாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்தாருக்கெனத் தனி வழக்காற்றுச் சட்டம் உண்டு. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, பன்னிரு முதலியார்களாற் பரிசீலிக்கப்பெற்றது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். ஆயின் அது பெரிதும் சீதனம், முதுசொம், ஈடு, விற்பனை என்பவற்றையே பேசுவது. உடற்காயத்துக்கான நட்டஈட்டைப் பொறுத்தவரை, ஏனைய இலங்கையரைப் போன்றே யாழ்ப்பாணத்தாரும் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் பாற்பட்டவராயினர். ஒல்லாந்தராட்சியோடு வந்த அச்சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயரும் நிலைபெறச் செய்தனர்.

அதன் மூலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அக்குவிலியச் சட்டமாகும். பிறனுடைய அடிமையையோ கால்நடையையோ அநீதியாகக் கொன்றவன், முந்திய ஓராண்டில் அதற்கிருந்த உச்ச விலையை உடையவனுக்குச் செலுத்த வேண்டும் என்றது அது. அடிமையின் உடலுக்கு விலை இருந்தது. சுதந்திர மனிதனின் உடலோ விலைமதிப்புக்கு அப்பாற்பட்டது என்றனர் உரோம நீதிவாணர். உயர்ந்த கருத்தே, எனினும் அதன் விளைவாக, காயமுற்றவன் மருத்துவச் செலவும் இழந்த ஊதியமும் பெறலாமேயன்றித் தழும்புக்கு எதுவும் பெறலாகாது. இக்குறையை நீக்கியோர் ஒல்லாந்த அறிஞரே. வேதனைக்கும் உருக்குலைவுக்கும் ஈடு உண்டு என்பது 17ஆம் நூற்றாண்டில் குரோசியசின் நூலில் இடம்பெற்றது.

மோட்டார் வாகனம் புதுச்சிக்கலைத் தோற்றுவித்தது. வழக்காளி வென்றாலும் எதிராளி வறியவனாயின் பயன் யாது? பிரித்தானியா 1930இல் மூன்றாந் திறத்தவர் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதனை வேண்டிநிற்கின்றது. இருதரப்பாரும் தவறிழைத்தவிடத்து நட்டஈட்டைத் தவற்றின் அளவுக்கேற்பப் பகிர்வதற்கு 1968ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. எனவே விளக்கின்றிச் சென்று மோதுண்டவர் தம் பங்குக்குரிய தொகையை இழப்பாரேயன்றி, முழு உரிமையையும் இழப்பதில்லை.

இத்துணை வளர்ச்சியின் பின்னரும் ஒரு பெருஞ்சுமை காயமுற்றவர் மீதே கிடக்கின்றது. எதிராளியின் கவனயீனத்தை அவரே நிரூபித்தல் வேண்டும். அதுவும் 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஈராண்டுக்குள் வழக்கைத் தொடுத்தல் வேண்டும். நீதவான் நீதிமன்றில் நடைபெறும் பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. முன்னதன் முடிவுக்காகக் காத்திருப்பவருக்காகக் காலம் காத்திருப்பதில்லை. படுக்கையிற் கிடப்பவருக்கு ஈராண்டு நெடுங்காலமன்று.

உடலுக்கு விலையில்லை என்ற உரோமரின் கூற்று இன்றும் மெய்யே. ஆயின் விலையில்லாதது என்பதனால் ஈடும் இல்லாததாகிவிடலாகாது என்பதே, இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்த இச்சட்டம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடமாகும். அப்பாடம் ஏட்டளவில் நின்றுவிடாது, ஈராண்டு எல்லை கடக்குமுன் கிராமத்து ஏழையின் காதுக்கும் எட்டுதல் வேண்டும்.