நாலு கொம்பு ஆடும் ஒரு பதிவேடும்

அழியப்போற ஆட்டினத்தைக் காப்பாத்த என்ன வேணும்னு கேட்டா, மேய்ச்சல் நிலம், மருந்து, மானியம்னு வரிசையா சொல்வாங்க. ஆடு வளர்க்கிறவன்ங்கிற முறையில நான் அதோட ஒரு நோட்டையும் சேர்ப்பேன். அமெரிக்காவின் நவஹோ-சுர்ரோ செம்மறியோட கதை தெரிஞ்சா, ஏன்னு உங்களுக்கே புரியும்.

ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுபோன சுர்ரா ஆடு, நவஹோ பழங்குடி மக்களிடம் வறட்சி தாங்கும் இனமாக மாறியது. சில கிடாக்களுக்கு நாலு கொம்பு. மயிரில் பிசுக்கு குறைவு. தண்ணீர் அரிதான ஊரில் அதிகம் அலசாமலே நூற்கலாம். நவஹோ கம்பளங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த நூல்தான்.

அந்த மக்களை அடக்க நினைத்த அரசு ஆட்டின் மேலும் கை வைத்தது. 1863-64-ல் கிட் கார்சனின் படை பயிரைக் கொளுத்தி, மந்தைகளைக் கொன்று, ஜனங்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பினவங்க மறுபடி மந்தை கட்டினாங்க.

1930-களில் அடுத்த இடி. மேய்ச்சல் மிஞ்சி மண் அரிக்குது, புது அணையில் வண்டல் சேரும்னு சொல்லி, ஆடுகளைக் குறைக்க உத்தரவு வந்தது. பல இடங்களில் சொந்தக்காரங்க கண்ணெதிரே சுட்டுத் தள்ளினாங்க. மண் அரிப்பு பொய்யில்லை. ஆனா ஆட்டோட குடும்பத்துச் சாப்பாடும் தறியும் சேர்ந்து போச்சு. வெளி இனக் கிடாக்களோட கலப்பு, மிச்சத்தையும் கரைச்சது.

1977-ல் கால்நடைப் பேராசிரியர் லைல் மெக்நீல் 'நவஹோ செம்மறித் திட்டம்' தொடங்கி, ஒதுக்குப்புறங்களில் தப்பியிருந்த ஆடுகளைத் தேடிச் சேர்த்தார். 1986-ல் வளர்ப்போர் சங்கம் உருவானது. ஆட்டை ஒவ்வொன்றாகப் பார்த்து, மயிரையும் உடல்வாகையும் சோதித்து, தேறினதை மட்டும் பதிவேட்டில் ஏற்றுவது அவங்க வேலை. சாதாரண வேலையாத்தான் தெரியும். ஆனா கொஞ்சம் ஆடுகளே மிஞ்சின இனத்தில், தெரியாம அண்ணன் தங்கையையே சேர்த்துட்டா குட்டிகள் நலிஞ்சு போகும். யார்கிட்ட எந்த வழியில் வந்த கிடா இருக்குன்னு எழுதி வெச்சிருந்தா, உறவில்லாத கிடாவைக் கேட்டு வாங்கி மாத்தி விடலாம். கலப்பு நுழைஞ்சாலும் கண்டுபிடிக்கலாம்.

எங்க பக்கம் சந்தையில் கிடா வாங்கும்போது எடையைப் பார்ப்போம், பல்லைப் பார்ப்போம். அதோட தாய் தகப்பன் எதுன்னு எழுதி வைக்கிறவங்க குறைவு. நவஹோக்காரங்க அத்தனையும் இழந்த பிறகு தேடிப்பிடிச்சு எழுத வேண்டியிருந்தது. நம்மகிட்ட ஆடு இன்னும் பட்டியில் நிக்குது. இப்போ எழுதினா நாற்பது ரூபாய் நோட்டோட முடிஞ்சிடும்.