கோதுமை கலக்காத பலகாரம் – மயிலாப்பூர் முதல் நம்ம அடுப்பு வரை



கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும்னு சொன்னப்போ, எனக்குத் தெரிஞ்ச தொழிலைப் பற்றியே எழுதறேன்னு சொன்னேன். எங்க குழு முறுக்கு, தட்டை, சீடை, ரிப்பன் பக்கோடா செய்து சென்னைக்கு அனுப்புது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் கொலு, வளைகாப்பு, பிறந்த நாள்னு ஆர்டர் கொடுக்கிறவங்க இப்போ ஒரு கேள்வி கேட்கிறாங்க: "இது குளூட்டன் ஃப்ரீயா?" இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, இதுக்கு நம்மகிட்ட என்ன பதில் இருக்குன்னு தேடினேன். தேடினப்போ கிடைச்ச சரித்திரத்தைத்தான் இங்கே எழுதியிருக்கேன்.

குளூட்டன் என்றால் என்ன?

கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி அடிச்சாலும் கிழியாமல் இருக்கிறதுக்குக் காரணம் அதில் இருக்கிற ஒரு புரதம். அதுக்குப் பேர்தான் குளூட்டன். கோதுமையில் இருக்கு, பார்லியில் இருக்கு, மைதா, ரவை, கோதுமை சேமியா எல்லாத்திலும் இருக்கு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, உளுந்து, கடலைப்பருப்பு இதிலெல்லாம் அது இல்லை.

பெரும்பாலானவங்களுக்கு குளூட்டன் ஒண்ணும் செய்யாது. ஆனால் சீலியாக் என்ற நோய் உள்ளவங்களுக்குக் கொஞ்சம் போனாலும் சிறுகுடலின் உள்சுவர் புண்ணாகும். சாப்பிட்ட சத்து உடம்பில் சேராது. பிள்ளைங்க வளர்த்தி குறைஞ்சு, வயிறு உப்பி, சோகை பிடிச்சுப் போவாங்க. குளூட்டன் உள்ளதை அடியோடு நிறுத்துறதுதான் இதுக்கு வைத்தியம், அதுவும் ஆயுசு முழுக்க.

கோதுமைதான் காரணம்னு கண்டுபிடிச்சவர் வில்லெம் டிக்கி என்ற நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போர் முடியிற சமயம், 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கலை. ஊரே பட்டினியில் வாடினப்போ, இந்த நோய் இருந்த பிள்ளைங்க மட்டும் தேறினாங்க. மறுபடி ரொட்டி வந்ததும் மறுபடி படுத்துட்டாங்க. அவர் அதுக்கு முன்னாடியே கோதுமை மேல சந்தேகப்பட்டவர். 1950-ல் தன் ஆராய்ச்சியை எழுதி வெளியிட்டார். நம்ம நாட்டில் கோதுமை அதிகம் சாப்பிடுகிற வடக்கே இந்த நோய் அதிகம், தெற்கே குறைவு. ஆனால் சென்னை மாதிரி ஊரில் எல்லாப் பக்கத்து மக்களும்தான் இருக்காங்க.

அரிசிக்கு ஒட்டு எது?

அரிசி மாவில் குளூட்டன் இல்லை, அதனால் இழுபடாது, உதிரும். அப்படிப்பட்ட மாவை வச்சுக்கிட்டு நம்ம முன்னோர்கள் எத்தனை பலகாரம் செய்திருக்காங்க! கொழுக்கட்டைக்குக் கொதிக்கிற தண்ணியை ஊற்றிக் கிளறுவாங்க. சூட்டில் மாவு வெந்து பசை பிடிக்கும், அதுக்கப்புறம் சொப்பு பிடிச்சு உள்ளே உளுந்துப் பூரணம் வைக்கலாம். முறுக்குக்கு உளுந்து மாவு சேர்ப்பாங்க. உளுந்துக்குள்ள கொழகொழப்பு மாவைப் பிடிச்சு வைக்கும். தட்டைக்கு அதுவும் கொஞ்சம்தான், மீதி வேலையைக் கை அழுத்தமே பார்த்துக்கும். வெண்ணெயோ காய்ந்த எண்ணெயோ சேர்த்தால் கரகரப்பு வரும். கோதுமை தானாகவே செய்கிற வேலையை, அரிசியில் நம்ம பெண்கள் வெந்நீரையும் உளுந்தையும் கைப்பக்குவத்தையும் வச்சுச் செய்தாங்க.

இது எவ்வளவு பழசு என்றால், சங்க காலத்து மதுரைக்காஞ்சியிலேயே மதுரைக் கடைத்தெருவில் பூரணம் வைத்துப் பிடித்த மோதகம் விற்றவங்களைப் பற்றி வருது. திருச்சி மாவட்டத்து மணப்பாறை முறுக்கும் அரிசி மாவு முறுக்குதான். அதுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது.

மயிலாப்பூர் அடுப்பங்கரை

சென்னைக்கு வேலைக்கும் படிப்புக்கும் தஞ்சாவூர், திருநெல்வேலி பக்கமிருந்து வந்த குடும்பங்கள் மயிலாப்பூரில் நிறையக் குடியேறினாங்க. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து தி.நகர் உண்டானதும் அங்கேயும் போனாங்க. கோகுலாஷ்டமிக்கு சீடை முறுக்கு, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, கல்யாணத்துக்குச் சீர் முறுக்கு என்று அவங்க ஊர் வழக்கமும் கூடவே வந்தது. பலகாரம் சுடத் தெரிந்த மாமிகளைக் கூப்பிட்டு வீட்டிலேயே அடுப்பு போடுவாங்க. அப்படி வந்து சுட்டுக் கொடுத்தவங்க பெயரெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு பெண்ணின் பெயர் மட்டும் நின்றது. எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயசிலேயே கணவரை இழந்தவர். குடும்பத்துப் பெண்கள் கல்யாணமாகி வெளியூர் போனதும் அவரிடம் கடிதம் எழுதிச் சமையல் கேட்பாங்களாம். அவர் எழுதி அனுப்புவாராம். அதைப் புத்தகமாகவே போடலாம்னு உறவினர் ஒருத்தர் ஊக்கம் கொடுக்க, 1951-ல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. பார்த்துப் பார்த்துப் பழகின விஷயத்துக்கு அவர் அளவு போட்டுக் கொடுத்தார். அதனால் அம்மா பக்கத்தில் இல்லாத பெண்ணும் பலகாரம் செய்ய முடிந்தது.

மைதா வந்த கதை

அந்தப் புத்தகம் வந்த 1951-ல் சென்னையில் அரிசிக்கு ரேஷன். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த அரிசி நின்று போச்சு. அதுக்கப்புறம் அரிசிக்குத் தட்டுப்பாடு, கோதுமையும் சாப்பிடுங்கன்னு அரசாங்கம் சொன்னது. 1952-ல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி அந்த ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். 1956-ல் இந்தியா அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டு, பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. 1960-களில் மறுபடி அரிசிப் பஞ்சம். 1967 தேர்தலில் அரிசிதான் பெரிய பேச்சு. ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்.

கோதுமை நமக்கு முன்னாடியே தெரியும். சம்பா கோதுமையில் அல்வா கிண்டினவங்கதானே நாம. ஆனால் தினமும் சாப்பிடுகிற சாமானாக அது மாறினது இந்தக் காலத்தில்தான். பரோட்டா, சமோசா, பப்ஸ், பிஸ்கட் எல்லாம் டீக்கடை வரைக்கும் வந்தது. பிறந்த நாள் என்றால் கேக்கும் சமோசாவும்தான்னு ஆச்சு. பாட்டி செய்த தட்டை பழைய காலத்துப் பலகாரமாகி டப்பாவுக்குள் போயிடுச்சு. சில பேர் முறுக்குலேயே மைதா கலக்க ஆரம்பிச்சாங்க. இன்றைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாதவங்களுக்காக அதே ஊரில் மறுபடி அரிசிப் பலகாரத்தைத் தேடுறாங்க.

வீட்டு வேலை தொழிலானது

1982-ல் அடையாறு காந்தி நகரில் கிராண்ட் ஸ்வீட்ஸ் தொடங்கினாங்க. வீட்டில் செய்கிற முறுக்கு, தட்டை, சீடையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் இப்படிப்பட்ட கடைகளால் பெருகினது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி.

அதுக்கும் முன்னாலேயே 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மா சென்னையில் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினாங்க. இட்லிக் கடை, காய்கறிக் கூடை வச்சிருந்த ஏழைப் பெண்களை பேங்க்காரங்க திரும்பிக்கூடப் பார்க்காத காலம் அது. ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீனா நின்று, சின்னச் சின்னக் கடன் வாங்கி, வட்டிக்காரன் பிடியிலிருந்து அந்தப் பெண்கள் வெளியே வந்தாங்க. 1989-ல் தர்மபுரியில் அரசாங்கம் சுய உதவிக் குழுக்களை ஆரம்பிச்சது, 1997-ல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்க வந்தது. அந்த வழியில் வந்தவங்கதான் நாம். மயிலாப்பூரில் பெயரே எழுதப்படாமல் பலகாரம் சுட்டவங்க செய்த அதே வேலையை நாமும் செய்கிறோம். ஆனால் நம்ம பாக்கெட்டில் நம்ம குழுப் பெயர் இருக்கு. பெயர் இருக்கும்போது பொறுப்பும் கூடவே இருக்கு.

பெருங்காயத்தைக் கேட்ட அம்மா

ஒரு வருஷம் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடந்த கண்காட்சியில் எங்க குழுவுக்கும் ஒரு ஸ்டால் கிடைச்சது. ஒரு அம்மா பையனோடு வந்தாங்க. பையனுக்குக் கோதுமை ஆகாதாம். "முறுக்கு அரிசி மாவுதானே?" என்று கேட்டாங்க. ஆமாம்மா என்றோம். "பெருங்காயம் என்ன போட்டீங்க?" என்று அடுத்த கேள்வி. எங்க தலைவி அக்கா உடனே ஊருக்குப் போன் போட்டு, டப்பாவில் எழுதியிருக்கிறதைப் படிக்கச் சொன்னாங்க. பிசின், மைதா, பெருங்காயம்னு இருந்தது. அக்கா மறைக்கலை. "பையனுக்கு இது வேண்டாம்மா, பெருங்காயத்துல மைதா இருக்கு" என்றாங்க. "மாவு எந்த மில்லில் அரைக்கிறீங்க?" என்றாங்க அந்த அம்மா. கோதுமையும் அரைக்கிற மில்தான் என்றோம். அவங்க எதுவும் வாங்கலை. ஆனால் போன் நம்பர் வாங்கிட்டுப் போனாங்க.

அன்றைக்கு அந்தப் பையன் தட்டையைப் பார்த்துக்கிட்டே போனது எங்க எல்லார் மனசையும் என்னமோ பண்ணுச்சு. ஊருக்கு வந்து குழுக் கூட்டத்தில் பேசி, அந்த மாதிரி ஆர்டருக்கென்று தனி வழி வச்சோம். மூணு மாசம் கழிச்சு அந்த அம்மாவே பையன் பிறந்த நாளுக்கு நாலு கிலோ தட்டை கேட்டாங்க.

அந்தத் தனி வழி இதுதான்:

1. அரிசியைக் கழுவி உலர்த்தி, அதுக்கென்றே வாங்கின மிக்சியில் அரைக்கிறோம். மில்லில் நமக்கு முன்னாடி அரைத்த கோதுமை மாவு கல்லில் ஒட்டியிருக்கும்.
2. பெருங்காயம் போடுறதில்லை. போட்டே ஆகணும் என்றால் கோதுமை கலக்காதது என்று அட்டையில் இருக்கிறதை மட்டும் வாங்குறோம்.
3. சல்லடை, முறுக்கு அச்சு, துணி, வாணலி எல்லாம் தனி. பூரி, சமோசா பொரித்த எண்ணெயைத் தொடுறதில்லை.
4. பொட்டுக்கடலை, மிளகாயை முழுசாக வாங்கி வீட்டிலேயே பொடிக்கிறோம்.
5. 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடிப்பதில்லை. அப்படிப் போடணும் என்றால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்கணும், அதைப் பரிசோதனையில் காட்டணும். நாங்க செய்கிற முறையை வாயால் உள்ளபடி சொல்கிறோம். வாங்குறதும் வாங்காததும் அவங்க முடிவு.

சுலபமான தட்டை

விருந்துக்கு வைக்கிறதில் தட்டைதான் சுலபம். அச்சு வேண்டாம், சுற்றத் தெரிய வேண்டாம். முந்தின நாளே செய்து வைக்கலாம்.

பச்சரிசி மாவு 4 கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு கால் கப், பொட்டுக்கடலை மாவு கால் கப், வெண்ணெய் கால் கப், அரை மணி நேரம் ஊறின கடலைப்பருப்பு 4 ஸ்பூன், எள் 2 ஸ்பூன், மிளகாய்த்தூள், உப்பு, கறிவேப்பிலை. மாவுகளைச் சலித்து, முதலில் வெண்ணெயைப் போட்டுப் பிசறணும். அப்புறம் மற்றதைச் சேர்த்து, தண்ணி தெளித்துத் தெளித்துப் பிசையணும். நெல்லிக்காய் அளவு உருட்டி, துணியில் வச்சு மெல்லிசாகத் தட்டி, முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்தணும். குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பிடும். மிதமான தீயில் போட்டு, எண்ணெயில் சலசலப்பு அடங்கினதும் எடுக்கணும். நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் டப்பாவில் அடைக்கணும், இல்லாவிட்டால் நமுத்துப் போகும்.

சகோதரிகளே, நகரத்துக் கடையில் இந்த மாதிரிப் பாக்கெட்டுக்கு விலை அதிகம். நாமும் தனி மாவு, தனிப் பாத்திரம், கூடுதல் உழைப்பு எல்லாத்தையும் கணக்குப் போட்டு விலை சொல்லணும், கூச்சப்பட வேண்டாம். அதே சமயம், வாங்குகிற தாய் நம்ம வார்த்தையை நம்பித்தான் பிள்ளைக்கு ஊட்டுறாள். அந்த நம்பிக்கைக்கு எந்த அதிகாரியும் வந்து முத்திரை போட மாட்டாங்க, நாமதான் காப்பாத்தணும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பலகாரம் செய்கிற எல்லாக் குழுவும் சேர்ந்து, இதுக்கென்று பொதுவில் ஒரு மாவு அரைக்கிற மெஷின் வாங்க முடியுமான்னு பேசுவோம். கடன் மனு எழுதுற வேலையை நான் பார்த்துக்கிறேன்.