சொத்துடைமையும் முதுமைக்காலப் பராமரிப்பும்: தென்காசி – குற்றால வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சொத்துடைய பெற்றோர் முதியோர் இல்லத்தில் வாழ நேரும்போது அதற்கான செலவு யாரைச் சேரும் என்னும் வினா, தென்காசி – குற்றால வட்டாரக் குடும்பங்களில் பரவலாக எழுகிறது. நிலத்தின் விளைபலன் சீவனத்திற்கு ஆதாரமாக இருந்த நிலையிலிருந்து, சொத்தின் உரிமைமாற்றமே பராமரிப்பின் பிணையாக மாறிய நிலைவரை இவ்வினா கடந்துவந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. சொத்து இருந்தும் கைப்பணம் இல்லாத முதியோரைச் சட்டம் போதிய அளவு கருதவில்லை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சீவனாம்சம், ஒத்தி, தானசெட்டில்மெண்ட், முதியோர் இல்லம், பராமரிப்புத் தீர்ப்பாயம்.

முன்னுரை

சிற்றாற்றுப் பாசனத்தை நம்பிய நன்செய் நிலங்களும் தலைமுறை கண்ட வீடுகளும் தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம் ஆகிய ஊர்களின் குடும்பச் சொத்துகளாக விளங்குகின்றன. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் வெளிநாடுகளிலும் பணியாற்ற, பெற்றோர் இவ்வீடுகளில் தனித்து வாழ்வது இன்று இயல்பாகிவிட்டது. நோயும் மூப்பும் வந்து, முதியோர் இல்லம் ஒன்றே வழி என்னும் நிலை தோன்றும்போது சொத்து குறித்த வினாவும் உடன் எழுகிறது. வீட்டை விற்றுச் செலவிட வேண்டுமா, பிள்ளைகள் பகிர்ந்து செலுத்த வேண்டுமா, வீட்டைப் பெறப்போகிறவர் மட்டும் ஏற்க வேண்டுமா என்பனவே அவ்வினாவின் கூறுகள்.

விளைபலனும் சீவனமும்

நிலத்தை விற்காமல் அதன் விளைபலனைக் கொண்டு ஒருவரையோ ஓர் அமைப்பையோ பேணுவது இவ்வட்டாரத்தின் பழைய முறையாகும். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியனால் எழுப்பப்பெற்ற தென்காசிக் காசிவிசுவநாதர் கோயில் போன்ற கோயில்களின் வழிபாடு நிலக்கொடைகளின் வருவாயால் நிலைபெற்றது. திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் 1718இல் வழங்கிய நிலம் 'குறவஞ்சி மேடு' என வழங்குகிறது. இவ்விரு நிலைகளிலும் பேணுதற்குரிய பொருளைத் தந்தது நிலத்தின் விலையன்று. அதன் விளைச்சலே ஆகும்.

குடும்ப அளவிலும் இம்முறையே நிலவியது. பாகம் பிரிக்கும்போது பெற்றோருக்கென ஒரு வயலை ஒதுக்கி, அவர்தம் காலத்திற்குப்பின் பிள்ளைகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். கைம்பெண்ணுக்குச் சீவனாம்சமாக வழங்கப்பட்ட நிலத்தில் அவருக்கு வாழ்நாள் அனுபவ உரிமையே இருந்தது. பணம் தேவைப்பட்டோர் நிலத்தையோ வீட்டையோ ஒத்திக்கு வைத்துத் தொகை பெற்றனர். உடைமையுரிமை கைவிட்டுப் போகவில்லை.

1956: இரு சட்டங்கள்

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண்ணின் கைவசமிருந்த சொத்தை அவரது முழுவுரிமையாக்கியது (பிரிவு 14). சீவனாம்சத்திற்கு ஈடாகப் பெற்ற சொத்துக்கும் இது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1977இல் உறுதிசெய்தது. சொத்துடைய தாய் என்னும் சட்டநிலை இவ்வாறு வலுப்பெற்றது.

அதே ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், மூப்படைந்த பெற்றோரைப் பேணும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது (பிரிவு 20). ஆயின், தம் வருவாயாலோ பிற சொத்தாலோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாத அளவிற்கே அக்கடமை என வரம்பும் இட்டது. ஒரு சட்டம் தாயை உடைமையாளர் ஆக்கியது. மற்றொன்று அவ்வுடைமையைப் பிள்ளைகளின் கடமைக்கு எல்லையாக வைத்தது. வயல் நெல் தந்த காலத்தில் 'சொத்தால் வாழ்தல்' என்னும் தொடருக்குத் தெளிவான பொருள் இருந்தது. குடியிருக்கும் வீடோ விற்றாலன்றிப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. குற்றாலத்தில் சாரல் காலத்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர்க்குக்கூட அவ்வருவாய் ஆனி முதல் ஆவணி வரை கிடைப்பதே. இல்லக் கட்டணம் ஆண்டு முழுதும் மாதந்தோறும் செலுத்துதற்குரியது.

உரிமைமாற்றமும் அதன் இடர்களும்

பேணுவார் என்னும் நம்பிக்கையில் பிள்ளைகளுள் ஒருவருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவைப்பது வழக்கமாயிற்று. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்படி (பிரிவு 126), கொடுத்தவர் தம் விருப்பத்தால் மட்டும் தானத்தை மீட்க இயலாது. ஆதலின், பத்திரம் பதிவான பின் கைவிடப்பட்ட பெற்றோர் வஞ்சகத்தையோ தகாச் செல்வாக்கையோ உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இக்குறையை நீக்க எழுந்ததே 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டமாகும். இதன்படி வருவாய்க் கோட்டாட்சியர் பராமரிப்புத் தீர்ப்பாயத்தின் தலைவராகவும், மாவட்ட ஆட்சியர் மேல்முறையீட்டு அதிகாரியாகவும் தமிழ்நாட்டில் செயற்படுகின்றனர். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானபின், இவ்வட்டார முதியோர் மேல்முறையீட்டுக்குத் திருநெல்வேலி செல்ல வேண்டியதில்லை. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். பிள்ளைகள் இல்லாதவர்க்கு, அவர்தம் சொத்தைக் கைவசம் கொண்டுள்ள அல்லது மரபுரிமையாகப் பெறவுள்ள உறவினர் பொறுப்பாவர். பலர் இருப்பின் பெறும் பங்கின் விகிதப்படி செலுத்த வேண்டும் (பிரிவு 4). பங்கிற்கேற்ற பொறுப்பு என்னும் இந்நெறி உறவினர்க்கு உண்டு. பிள்ளைகளிடையே அவ்வாறு விதிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

சட்டம் நடைமுறைக்கு வந்தபின், பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு மாற்றிய சொத்தை, அந்நிபந்தனை மீறப்படின் செல்லாது என அறிவிக்கலாம் (பிரிவு 23). நிபந்தனை இருந்தமை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நலநோக்கிற்கேற்ப அப்பிரிவைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என 2025 சனவரியில் அந்நீதிமன்றமே கூறியது. அன்பும் பாசமும் கருதி எழுதப்பட்ட பத்திரத்தில் பேணும் நிபந்தனை உட்கிடையாக இருப்பதாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் கொண்டது.

இடைப்பட்ட முதியோர்

மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க முதியோர் இல்லம் அமைப்பதைப் பற்றி இச்சட்டத்தின் பிரிவு 19 பேசுகிறது. அஃது வறியோர்க்கே உரியது. வீடுள்ளவர் கட்டண இல்லத்தையே நாட வேண்டும். வீட்டைப் பணமாக்க 2007இல் அறிமுகமான தலைகீழ் அடமானக் கடன், 60 வயது நிறைந்தோர்க்கு மாதத்தவணையாகப் பணம் தருகிறது. ஆனால் கடன் பெற்றவர் அவ்வீட்டில் வசிக்க வேண்டும். பராமரிப்பு இல்லத்திற்கு நிலையாகப் பெயர்ந்தால் கடனைத் தீர்க்க வேண்டிவரும். முதியோர் இல்லச் செலவு தொடங்கும் இடத்திலேயே இவ்வுதவி நின்றுவிடுகிறது.

இங்கிலாந்தின் போக்கு இதற்கு மாறானது. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் பெற்றோரைப் பேணும் பொறுப்பைப் பிள்ளைகள்மேல் சுமத்தியது. 1948இல் அப்பொறுப்பு நீங்கியது. இன்று அங்கு முதியவரின் சொத்தே மதிப்பிடப்படுகிறது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, தகுதியுடையோர்க்கு உள்ளாட்சி அமைப்பு கட்டணத்தைச் செலுத்தி, வீட்டின் விலையிலிருந்து பின்னர்ப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அங்குச் சட்டத்தின் நோக்கு பிள்ளைகளிடமிருந்து சொத்தை நோக்கி நகர்ந்தது. இங்கோ சொத்து பிள்ளைகளிடம் சென்றபின் அவர்களைத் தேடிச் செல்கிறது.

முடிவுரை

விளைபலனால் பேணும் பழைய முறையில் உடைமையும் பராமரிப்பும் பிரியாதிருந்தன. உரிமைமாற்றம் அவற்றைப் பிரித்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் இணைக்க முயல்கிறது. பத்திரத்தில் பேணும் நிபந்தனையையும் வாழ்நாள் அனுபவ உரிமையையும் வெளிப்பட எழுதுதலும், இல்லக் கட்டணத்தை அச்சொத்தின் மீதான பொறுப்பாகக் குறித்தலும் பழைய சீவனாம்ச நெறியின் இற்றைய வடிவங்களாக அமையலாம். இவையெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்லுமுன் முடிவுசெய்யத்தக்கவை. கையொப்பமிட்டபின் பெற்றோர்க்கு எஞ்சுவது வழக்கு ஒன்றே. அதை நடத்தும் உடல்வலிமையும் காலமும் பெரும்பாலும் அவர்களிடம் இருப்பதில்லை.