சுளுக்கு: நடக்கலாமா, கூடாதா?

எங்கள் அபிஷேகப்பாக்கத்தில் வரப்பில் யாருக்காவது கால் பிசகினால் முதலில் எழும் கேள்வி, "காலால் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்பதுதான். பிரசவத்தில் கால் முதலில் வந்து பிறந்தவர் தன் காலால் தடவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்பது நம்பிக்கை. (சுளுக்கு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். தொட்டவருக்குப் பெயர் கிடைத்துவிடும்!) பிறகு புளி, உப்பு, மஞ்சள் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்று. அதற்குப் பிறகுதான் சண்டை. "மெல்ல நடந்து பாரு" என்பார் பாட்டி. "காலைத் தரையில வைக்காதே" என்பார் தாத்தா.

மருத்துவ உலகமும் இதே சண்டையை நூற்றைம்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

1867இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், நாட்டு எலும்பு வைத்தியர்கள் குணப்படுத்தும் நோயாளிகளைப் பற்றி ஓர் உரை வெளியிட்டார். அவர்களால் ஆபத்தும் உண்டு என்றார். ஆனால் அதிக நாள் அசையாமல் இறுகிப்போன மூட்டை அவர்கள் அசைத்துச் சரிசெய்கிறார்கள், அந்த நல்லதை நாமும் கற்கவேண்டும் என்றார். அதே காலத்தில் லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் இருந்தார். அவருடைய அப்பாவே எலும்பு வைத்தியர்! மகனோ படித்துப் பட்டம் பெற்று, நீண்ட, இடைவிடாத ஓய்வுதான் மருந்து என்றார். அவர் பார்த்தவை பெரும்பாலும் நோய் பிடித்த மூட்டுகளும் முறிந்த எலும்புகளும் என்பதையும் சொல்லவேண்டும். அப்போது புதுச்சேரியை ஆண்ட பிரான்சிலோ லூக்கா-ஷாம்பியோனியேர் என்ற மருத்துவர், எலும்பு முறிவுக்கே மசாஜும் அசைவும் வேண்டும் என்று 1895இல் புத்தகம் போட்டார். பாட்டி கட்சி!

1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 'ரைஸ்' என்ற சொல்லைப் பரப்பினார். சாப்பாட்டு ரைஸ் அல்ல. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள். மைதானங்களில் இது வேதவாக்கானது. 2014இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கத்தோடு வரும் செல்கள்தான் கிழிந்த நாரைச் சீர்செய்யத் தொடங்குகின்றன, குளிர் அவற்றின் வரவைக் குறைக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். வலி தணிய ஆரம்பத்தில் சிறிது நேரம் ஐஸ் வைப்பதை அவர் தடுக்கவில்லை. சொன்னதை மாற்றிக்கொள்ளும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

ஆனால் பாட்டி கட்சியிலும் ஓர் ஓட்டை உண்டு. நடக்கச் சொல்லுமுன் அது சுளுக்கா, முறிவா என்று தெரியவேண்டுமே! 1992இல் கனடாவில் வெளியான ஒட்டாவா விதிகள் இதற்கு உதவுகின்றன. கணுக்காலின் இரண்டு பக்க முட்டி எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதுபோல விதி உண்டு. எங்கள் ஊரில் "நாலு அடி வை, பார்ப்போம்" என்பார்கள். எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் நடக்க முடியாதவரை எக்ஸ்ரேவுக்கு அனுப்பாமல் எண்ணெய் போட்டு நீவ உட்கார்ந்துவிடுகிறோம். முறிந்த எலும்பை நீவினால் விலகும். வெறும் சுளுக்காக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி நீவினால் வீக்கம் கூடும்.

முறிவில்லை என்றால், கட்டுப் போட்டுக்கொண்டு, வலி தாங்கும் அளவுக்குச் சீக்கிரமே நடக்கச் சொல்கிறார்கள் இப்போது. கொஞ்சம் தேறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி. ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகுவது சகஜம் என்பதால், வலி போன பிறகும் அதை விடக்கூடாது.