கோல்டுவிங் மோட்டார் சைக்கிள்: ஒலிச் சாதனங்களும் உரிமையாளர் பராமரிப்பும்

கோல்டுவிங் என்பது ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் நெடுந்தொலைவுப் பயணத்துக்கென உருவாக்கி, 1975ஆம் ஆண்டு மாதிரி முதல் விற்றுவரும் பெரிய மோட்டார் சைக்கிள் வரிசையாகும். வானொலி, ஸ்பீக்கர், தலைக்கவசத்தினுள் பொருத்தும் பேச்சுக் கருவி ஆகியவை இரு சக்கர வண்டியின் இயல்பான உறுப்புகளாகக் கருதப்படும் நிலை உருவானதில் இவ்வரிசைக்குப் பெரும்பங்கு உண்டு. இதன் உரிமையாளர்கள், குறிப்பாக அமெரிக்காவில் வாழ்வோர், ஒலிச் சாதனங்களைத் தாங்களே சேர்ப்பதையும் வண்டியைத் தங்கள் கொட்டகையிலேயே பராமரிப்பதையும் நீண்டகால மரபாகக் கொண்டுள்ளனர். இவ்விரண்டும் தனித்தனிப் பணிகளாகத் தோன்றினும், சேர்க்கப்படும் ஒவ்வொரு சாதனமும் வண்டியின் மின்னமைப்பிலிருந்தே ஆற்றலைப் பெறுவதாலும், அதன் ஒயர்கள் பிற உறுப்புகளைக் கழற்றும் வழியிலேயே செல்வதாலும், ஒன்றை அறியாமல் மற்றொன்றைச் செம்மையாகச் செய்ய இயலாது.

வரலாறு

முதல் மாதிரியான ஜிஎல் 1000, 1974 அக்டோபரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த கண்காட்சியில் அறிமுகமானது. எதிரெதிராகப் படுத்த நிலையில் அமைந்த நான்கு சிலிண்டர்களும், நீரால் குளிர்விக்கப்படும் 999 கன சென்டிமீட்டர் இஞ்சினும், சங்கிலிக்கு மாறாகச் சுழல்தண்டின் வழியே பின்சக்கரத்தை இயக்கும் அமைப்பும் கொண்ட அவ்வண்டியில், முன்புறக் காற்றுத்தடுப்போ பயணப் பெட்டிகளோ ஒலிச் சாதனமோ இருக்கவில்லை. பயணிகள் அவற்றை வெளிச்சந்தையில் வாங்கித் தாமே பொருத்திக்கொண்டனர். கிரெய்க் வெட்டர் வடிவமைத்த விண்ட்ஜாமர் என்னும் காற்றுத்தடுப்பு அவற்றுள் புகழ்பெற்றதாகும். உரிமையாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் இவ்வேலைகளைக் கற்றுக்கொள்வதற்கு, 1977இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் தொடங்கப்பட்ட கோல்டுவிங் சாலைப் பயணிகள் சங்கம் போன்ற அமைப்புகள் துணைநின்றன.

1980இல் வந்த ஜிஎல் 1100 வரிசையின் இன்டர்ஸ்டேட் வகை, காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, ஒலிச் சாதனத்தை விருப்பச் சேர்க்கையாகப் பெறும் வசதியுடன் விற்கப்பட்டது. 1985இல் வெளியான ஜிஎல் 1200 சிறப்புப் பதிப்பில் நான்கு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒலியமைப்பு இடம்பெற்றது. 1988இல் ஆறு சிலிண்டர்களுடன் ஜிஎல் 1500 வந்தது. 2001இல் 1832 கன சென்டிமீட்டர் இஞ்சினுடன் ஜிஎல் 1800 வந்தது. 2012ஆம் ஆண்டு மாதிரியில் யூஎஸ்பி வழியே இசைக்கருவியை இணைக்கும் வசதியும், 2018ஆம் ஆண்டு மாதிரியில் கைப்பேசியின் செயலிகளை வண்டியின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே வசதியும் சேர்க்கப்பட்டன.

ஒலியமைப்பின் உறுப்புகள்

ஓடும் வண்டியில் ஒலி கேட்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, காற்றுத்தடுப்பிலும் பின்னிருக்கையின் இருபுறத்திலும் அமைந்த ஸ்பீக்கர்களின் வழியே திறந்த வெளியில் ஒலிப்பது. நான்கு சுவர்கள் இல்லாத இடத்தில் ஒலி விரைவில் சிதறிவிடுவதாலும், காற்றின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுந்திருப்பதால் இசையின் தாழ்ந்த சுரங்கள் முதலில் மறைந்துவிடுவதாலும், இவ்வழியில் தெளிவைப் பெற ஆம்ப்ளிஃபயர் எனப்படும் ஒலிப்பெருக்கச் சாதனத்தைப் பலர் கூடுதலாகச் சேர்க்கின்றனர். மழையிலும் வெயிலிலும் நிற்க வேண்டியிருப்பதால், ஸ்பீக்கரின் கூம்பு காகிதத்தால் ஆகாமல் பாலிபுரோப்பிலீன் போன்ற நீர் உறிஞ்சாத பொருளால் ஆனதாக இருத்தல் நன்று.

இரண்டாவது வழி, தலைக்கவசத்தின் காதுப்பகுதியில் தட்டையான சிறு ஸ்பீக்கர்களையும் வாயருகே மைக்கையும் பொருத்துவது. பழைய கோல்டுவிங் மாதிரிகளில் இவை ஐந்து முனைகள் கொண்ட வட்டச் செருகி வழியாக வண்டியுடன் ஒயரால் இணைக்கப்பட்டன; ஓட்டுநரும் பின்னிருப்பவரும் பேசிக்கொள்ளவும், 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சிபி எனப்படும் பொதுமக்கள் வானொலி மூலம் உடன் செல்லும் வண்டிகளுடன் பேசவும் அதே இணைப்பு பயன்பட்டது. இப்போது கார்டோ, சேனா முதலிய நிறுவனங்களின் ஒயரற்ற கருவிகள் அவ்விடத்தைப் பெருமளவு பிடித்துள்ளன. இவற்றுள் சில, ஒரு கருவி அடுத்ததற்கும் அது அதற்கடுத்ததற்கும் செய்தியைக் கடத்தும் வலைப்பின்னல் முறையில் இயங்குவதால், குழுவில் ஒருவர் விலகினாலும் மற்றவர்களின் பேச்சு அறுபடுவதில்லை. தமக்கெனத் தனி பேட்டரி கொண்ட இக்கருவிகள் வண்டியின் மின்னமைப்புக்குச் சுமையாவதும் இல்லை.

மின்வழங்கலும் அதன் எல்லையும்

சேர்க்கத்தக்க சாதனங்களின் அளவைத் தீர்மானிப்பது பேட்டரி அன்று; ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரே ஆகும். ஜிஎல் 1000 முதல் ஜிஎல் 1200 வரையிலான நான்கு சிலிண்டர் மாதிரிகளில், நிலைக்காந்தம் பதித்த சக்கரம் இஞ்சினுக்குள்ளேயே சுழல, அதைச் சூழ்ந்த ஸ்டேட்டர் எனப்படும் கம்பிச்சுருள்களில் மூன்று கட்ட மாறுமின்சாரம் எழுகிறது. ரெக்டிஃபையர் அதை நேர்மின்சாரமாக மாற்ற, ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை வரம்புக்குள் நிறுத்துகிறது. ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களின் பிளாஸ்டிக் செருகி காலப்போக்கில் துருவேறிச் சூடாகி உருகுவது இம்மாதிரிகளின் அறியப்பட்ட குறையாகும். அதனால் அச்செருகியை வெட்டி நீக்கிவிட்டு ஒயர்களை நேரடியாக ஈயப்பற்று வைத்து இணைப்பதைப் பல உரிமையாளர்கள் முதல் வேலையாகச் செய்கின்றனர். ஸ்டேட்டரே கருகிவிட்டால் அதை மாற்ற இஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்க வேண்டியிருப்பதால், சிலர் இஞ்சினின் முன்புறத்தில் பெல்ட்டால் சுழலும் சிறிய கார் ஆல்டர்னேட்டரைப் பொருத்தும் மாற்றுவழியைக் கையாண்டனர். ஜிஎல் 1500இல் ஹோண்டாவே ஆல்டர்னேட்டரை இஞ்சினுக்கு வெளியே, எளிதில் கழற்றக்கூடிய இடத்தில் அமைத்தது. அதன் திறன் 546 வாட் ஆகும்.

இத்திறன் முழுவதும் ஒலிச் சாதனத்துக்குக் கிடைப்பதில்லை. முகப்பு விளக்கு, தீப்பொறி அமைப்பு, எரிபொருள் பம்பு, குளிர்விக்கும் விசிறி ஆகியவற்றுக்குப் போக எஞ்சுவதே கணக்கில் கொள்ளத்தக்கது. சூடேறும் கைப்பிடி, சூடேறும் அங்கி போன்றவற்றை ஏற்கெனவே பயன்படுத்துவோருக்கு எஞ்சும் அளவு மேலும் குறையும். வாட் அளவை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும் என்பதால், 100 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய 7.2 ஆம்பியர் தேவை என்பதையும், அதற்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே அறியலாம். இஞ்சின் மெதுவாக ஓடும்போது உற்பத்தி குறைவதால், நெரிசலில் நின்று நின்று செல்லும் பயணத்தில் பேட்டரி தேய்வதற்கு இடமுண்டு.

பொருத்தும் முறை

ஆம்ப்ளிஃபயருக்கான மின்சாரம் வண்டியின் பழைய ஒயர்களிலிருந்து கிளை பிரிக்கப்படாமல், பேட்டரியிலிருந்து தனி ஒயரில் எடுக்கப்பட வேண்டும். ஃபியூஸ் அந்த ஒயரைக் காப்பதற்கானது. அதைச் சாதனத்தின் அருகே வைத்தால், இடையில் ஒயர் உரசிச் சட்டத்தைத் தொடும்போது தீப்பற்றுவதைத் தடுக்க இயலாது என்பதால், பேட்டரிக்கு மிக அருகிலேயே அது அமைய வேண்டும். சாவியைத் திருப்பும்போது மட்டுமே சாதனம் இயங்குவதற்கு ரிலே பயன்படுகிறது. இது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்சாகும். கார் வகை வானொலிகளில் மஞ்சள் ஒயர் நினைவகத்துக்கான நிலையான மின்சாரத்தையும், சிவப்பு ஒயர் சாவியோடு வரும் மின்சாரத்தையும், கறுப்பு ஒயர் எதிர்முனையையும் குறிப்பது பொது வழக்காகும்.

இஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி ஸ்பீக்கரில் கேட்குமாயின், பெரும்பாலும் எர்த் இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கொடுக்கப்பட்டிருப்பதே காரணமாகும். எல்லாச் சாதனங்களின் எதிர்முனையையும் ஒரே புள்ளியில் சேர்ப்பதும், ஒலிக்குறிப்பு செல்லும் ஒயரை மின்சார ஒயரிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்வதும் அதைத் தீர்க்கும். முன்சக்கரத்தை முழுவதும் இருபுறமும் திருப்பிப் பார்த்து, ஒயர் எங்கும் இழுபடவில்லை, நசுங்கவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே மேற்கூட்டை மூட வேண்டும்.

உரிமையாளர் செய்யத்தக்க பராமரிப்பு

கோல்டுவிங் பராமரிப்பில் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலிக்கு வேலை இல்லை. மாறாகப் பின்சக்கரக் கியர் பெட்டியின் ஆயிலைக் கையேடு குறிப்பிடும் இடைவெளியில் மாற்ற வேண்டும். கிளட்ச் தகடுகள் இஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குவதால், வழுக்கலைக் குறைக்கும் கார் ஆயில்களை ஊற்றாமல், ஜாசோ எம்ஏ தரம் பெற்ற மோட்டார் சைக்கிள் ஆயிலையே பயன்படுத்த வேண்டும். ஜிஎல் 1000 முதல் ஜிஎல் 1500 வரையிலான மாதிரிகளில் வால்வுகளை இயக்கும் தண்டுகள் பல்வரிசை கொண்ட ரப்பர் பெல்ட்டுகளால் சுழல்கின்றன. பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இஞ்சின் சேதமடையும் என்பதால், பழைய வண்டியை வாங்குவோர் ஒலிச் சாதனத்தைப் பற்றி எண்ணுமுன் பெல்ட்டின் வயதை விசாரித்தல் இன்றியமையாதது. ஜிஎல் 1800இல் அவ்வேலையைச் சங்கிலி செய்கிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கொதிநிலை தாழ்ந்து போவதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது.

ஒலியமைப்பும் பராமரிப்பும் நேரடியாகச் சந்திக்கும் இடம் ஏர் ஃபில்டர் ஆகும். ஜிஎல் 1800இல் இஞ்சினுக்குச் செல்லும் காற்றை வடிகட்டும் அப்பகுதியை எட்ட, ஒலிக் கட்டுப்பாட்டுப் பொத்தான்கள் உள்ள மேற்கூட்டைக் கழற்றியாக வேண்டும். பின்னர் சேர்த்த ஒயர்கள் செருகி இல்லாமல் நேரே இணைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் அவற்றை வெட்டி ஒட்ட நேரிடும். ஆகவே கழற்றப்படும் ஒவ்வொரு பகுதியின் எல்லையிலும் நீர்புகாச் செருகி அமைப்பதும், ஒயர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும், வரைபடம் ஒன்றை எழுதி வைப்பதும் நல்ல வேலையின் அடையாளங்களாகும்.

மின்னமைப்பைச் சோதிக்க மல்டிமீட்டர் ஒன்றே போதும். இஞ்சின் நின்று சில மணி நேரம் கழிந்தபின் முழு மின்னேற்றம் கொண்ட ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமலும், இஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும். எல்லாச் சாதனங்களையும் இயக்கிய நிலையில் பிந்தைய அளவு 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், மின்னேற்றம் தேவைக்குப் போதவில்லை என்று பொருள். பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள்வது, ஸ்பேனர் சட்டத்தைத் தொட்டுப் பொறி பறப்பதைத் தவிர்க்கும். வானொலியின் நினைவகம் சிறிதளவு மின்சாரத்தை எப்போதும் இழுப்பதால், பனிக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிகளுக்குத் தானே நிறுத்திக்கொள்ளும் சிறு சார்ஜர் தேவைப்படுகிறது.

செவிநலமும் சட்டமும்

தலைக்கவசத்தினுள் கேட்கும் காற்றிரைச்சல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஏறக்குறைய 90 டெசிபலையும், நெடுஞ்சாலை வேகத்தில் 100 டெசிபலையும் எட்டுகிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் பரிந்துரைக்கிறது; அக்கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடமே கிடைக்கிறது. இரைச்சலை வெல்ல இசையை உயர்த்துவது செவிக்கு நேரும் சேதத்தை மேலும் கூட்டும். உயரமான கண்ணாடியும் நன்கு பொருந்தும் தலைக்கவசமும் கொண்டு முதலில் இரைச்சலைக் குறைத்தபின் தாழ்ந்த அளவில் கேட்பதே செவியைக் காக்கும் வழியாகும்.

இரு காதுகளையும் மூடும் கேட்பொறிகளை ஓட்டுநர் அணிவதைக் கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் சில விதிவிலக்குகளுடன் தடைசெய்கிறது; அமெரிக்க மாநிலங்களிடையே விதிகள் வேறுபடுவதால், மாநில எல்லைகளைக் கடக்கும் பயணி தாம் செல்லும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸின் சைரனும், அருகில் வரும் வண்டியின் ஹாரனும், தம் இஞ்சினில் புதிதாக எழும் தட்டொலியும் காதில் விழும் அளவுக்கு ஒலியை அமைத்துக்கொள்வது, சட்டம் வற்புறுத்தாத இடத்திலும் ஓட்டுநர் தமக்கும் பிறருக்கும் செய்யவேண்டிய கடமையாகும்.