றங்குப்பெட்டி, கம்பளி, தகரத் தகடு: ஒரு கோல்ஃப் பயணத்தின் பொதிகள்

வெயில் நாட்டுக்குக் கோல்ஃப் விளையாடப் போறவை என்னென்ன கட்டிக்கொண்டு போகவேணும் எண்டு சொல்லுற பட்டியல்கள் எக்கச்சக்கம். மெல்லிய சட்டை, தொப்பி, சன்ஸ்க்ரீன், திடீர் மழைக்கு ஒரு கோட்டு. கையுறை வியர்வையில நனைஞ்சு வழுக்கும், அதால ஒண்டுக்கு மூண்டு. மட்டைகளின் தலை விமானத்தில உடையாமல் இருக்கக் கெட்டியான ஒரு உறை. மட்டை 14க்கு மேல கூடாது. இந்த 14 கணக்கு அமெரிக்காவில் 1938இலும் பிரித்தானியாவில் 1939இலும் வந்த விதி. அதற்கு முதல் இருபதுக்கு மேல் மட்டை கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். தூக்கினது வேற ஆள் எண்டா எத்தினை வைச்சால்தான் என்ன?

இலங்கையும் அந்த வெயில் நாடுகளில் ஒன்று. கொழும்பு, நுவரெலியா, திகன, அம்பாந்தோட்டை என்று திடல்கள் இருக்கின்றன. வங்காலையில இருந்து பாத்தா இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டு மாதிரித்தான் தெரியும். எங்கட பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை, புல்லுக்குத்தான் பஞ்சம். ஆனால் இந்தப் பொதிகட்டலுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அதில ஒரு பகுதி மன்னார்க் கரையாலதான் போகுது.

கொழும்பில் கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது. முதலில் காலிமுகத்திடலில் விளையாடினார்கள். 1896இல் பொரளைப் பக்கம் போய், அப்போதைய ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரைத் திடலுக்கு வைத்தார்கள். களனிவெளி ரயில் பாதை இன்றைக்கும் அந்தத் திடலை ஊடறுத்துத்தான் போகிறது. கோச்சி வந்தா ஆட்டம் நிக்கும். நுவரெலியாக் கழகம் தன் தொடக்கமாக 1889ஐச் சொல்கிறது. ஸ்கொட்லாந்துச் சிப்பாய்களும் தோட்டத்துரைமாரும் தங்கள் ஊர் விளையாட்டை மலைக்குக் கொண்டுவந்த காலம் அது.

அப்படி வந்தவர்களின் பெட்டிக்குள் என்ன இருந்தது? முதலாவது, சூரியனைப் பற்றிய பயம். தலைக்கு சோலா தொப்பி. இதை சோலார் என்று நினைத்து வெயிலோடு சேர்த்துக் கதைக்கிறவை இருக்கினம். சோலா என்பது வங்காளத்தில் ஒரு நீர்ச்செடியின் பெயர். தமிழில் அதுதான் நெட்டி. தஞ்சாவூரில் கோயில் கோபுரமெல்லாம் செதுக்குகிறார்களே, அதே நெட்டி. எங்கட குளங்களில முளைக்கிற செடியின்ர சோத்தியை வெள்ளைக்காரன் தலையில வைச்சுக்கொண்டுதான் வெப்பமண்டலத்தை ஆண்டிருக்கிறான். கப்பலில் வருகிறவர்கள் போர்ட் சயிட்டில் சிமோன் ஆர்ஸ்ட் கடையில் இந்தத் தொப்பி வாங்குவது ஒரு சடங்கு மாதிரி. இதைவிட, வயிற்றைச் சுற்றிக் கட்ட 'கொலரா பெல்ட்' என்று ஒரு ஃபிளானல் பட்டி. வயிறு குளிர்ந்தால் வாந்திபேதி வரும் என்ற நம்பிக்கை. முதுகெலும்பை வெயில் தாக்காமல் இருக்க ஒரு பஞ்சுத் திண்டு. இதெல்லாம் போட்டுக்கொண்டு எப்பிடித்தான் மட்டையைச் சுழட்டினாங்களோ தெரியாது. இரண்டாம் உலகப் போரில் தொப்பி இல்லாமலே படைகள் வெயிலில் நடமாடியபோதுதான் அந்தப் பயம் கலைந்தது.

பெட்டிகள் தகரம் உள்ளே அடித்தவை. கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் பயந்து அப்படி. ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டு ஒட்டப்படும். சில பெட்டிகளில் 'பயணத்தில் தேவை', மற்றவற்றில் 'பயணத்தில் தேவையில்லை'. பின்னது கப்பலின் அடித்தட்டுக்குப் போகும். இந்தச் சீட்டை மனசில வைச்சிருங்கோ, திரும்ப வருவம்.

பந்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேணும். 1848 அளவிலிருந்து அரை நூற்றாண்டாக கோல்ஃப் பந்து என்றால் கட்டாபெர்ச்சாதான். மலாயாக் காட்டு மரத்தின் பால். சுடுதண்ணியில போட்டா இளகும், ஆறினா இறுகும். அதே பால்தான் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேற்பூச்சு. இந்தியாவையும் இலங்கையையும் இணைத்து மன்னார் வழியாகப் போன தந்திக் கம்பியும் அந்தக் காலத்துக் கம்பிதான். கோல்ஃப் இலங்கைக்கு வர முதலே கோல்ஃப் பந்தின்ர மூலப்பொருள் எங்கட கடலுக்குள்ள கிடந்தது எண்டு சொல்லலாம்.

நுவரெலியா போகிறவருக்கு இன்னொரு பொதியும் தேவை. அது வெப்ப நாட்டுக்குள் இருக்கிற குளிர் ஊர். ஏப்ரல் 'சீசனுக்கு' கொழும்புச் சூட்டில் இருந்து தப்பிப் போகிறவர்கள் தடித்த கம்பளிக் கோட்டும் காலுறையும் வைத்துக் கட்டினார்கள்.

அதே குளிருக்கு மற்றவர்கள் என்ன கட்டிக்கொண்டு போனார்கள்?

1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தது. நூறு மைலுக்கு மேல். சட்டி, கொஞ்ச அரிசி, பாய், இடுப்பில பிள்ளை. தண்ணியில்லாமலும் கொலராவாலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அந்த நோய்க்கு வயிற்றுப் பட்டி கட்டினவர்கள் ஒரு பக்கம். அதற்கு நடுவில் நடந்தவர்கள் மறுபக்கம். மலைக்குப் போய்ச் சேர்ந்தால் தோட்டம் ஒரு கம்பளி கொடுக்கும். சும்மா இல்லை. பெயரடியில் கடனாக எழுதி, சம்பளத்தில் கழிக்கப்படும். வழிச்செலவும் கங்காணி குடுத்த முற்பணமும் அதோட சேரும். துரை கம்பளிக் கோட்டைக் கொண்டு போனான், இவை கம்பளிக்குக் கடன்பட்டினம்.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்து போட் மெயில் ஓடத் தொடங்கியது. தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் திரும்ப ரயில். மதராசிலிருந்து ஒருவர் மட்டைப் பையோடு முதலாம் வகுப்பில் ஏறி நுவரெலியாவுக்கு வரலாம். தோட்டத்துக்கு வந்தவர்களும் அதே பாதைதான். ஆனால் அவர்கள் முதலில் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தங்கி, ஊசி போட்டு, உடுப்புகளைக் கிருமிநீக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் கடல் கடக்க வேண்டும். முதலாம் வகுப்புப் பெட்டியை இப்படி அவிச்சதா நான் எங்கயும் வாசிக்கேல்ல.

இப்ப அந்தச் சீட்டுக்கு வருவம். 1900களின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த ஒரு சின்னத் தகரத் தகடு. ஆளிடம் அதைக் கொடுத்தால் முகாம்களும் ரயிலும் அவரை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, செலவை யாரின் கணக்கில் எழுதுவது என்று பார்த்துக்கொள்ளும். பேர் கேக்கத் தேவையில்லை. றங்குப்பெட்டியில் ஒட்டின சீட்டும் இந்தத் தகடும் செய்தது ஒரே வேலை. நிர்வாகத்துக்கு அது வசதி என்று எழுதுகிற புத்தகங்கள் இருக்கின்றன. வசதிதான். பொதிக்கும் அதே வசதி.

கோல்ஃபில் பை தூக்குகிறவரை என்ன என்று தமிழில் எழுதுவது என்பதும் எனக்கொரு பிரச்சினை. 'கேடி' என்று எழுதினால் பொலிஸ் தேடுகிற ஆள் ஆகிவிடுவார். பை தூக்குகிறவர் என்றே வைப்போம். அவர்களிலிருந்து வீரர்களும் வந்தார்கள்: டெல்லிக் கழகத்தில் பை தூக்கிய அலி ஷேர் 1991இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியர் ஆனார். அது எப்போதாவது ஒருமுறை நடக்கிறது. மற்ற நாட்களில், 14 மட்டைப் பையின் பாரம் யாரோ ஒருவரின் தோளில்தான்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. யூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. பழைய ஆட்கள் நடந்த திசைதான்.

துரைமாரின் றங்குப்பெட்டிகள் பழைய ஹோட்டல்களில் அழகுக்கு வைக்கப்பட்டிருக்கின்றன, சீட்டும் அப்படியே. தகரத் தகடுகளை அவ்வளவு லேசாகக் காணமுடியாது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து எங்கட மன்னார், வவுனியா பக்கம் குடியேறின குடும்பங்கள் நிறைய. உங்கட வீட்டிலயோ பக்கத்து வீட்டிலயோ அம்மம்மாவின்ர பெட்டிக்குள்ள இலக்கம் பொறிச்ச தகடு ஒண்டு கிடந்தா, பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திடாதேங்கோ. ஒரு படம் எடுத்து, அது ஆற்ற எண்டு கேட்டு எழுதி, எங்களுக்கு அனுப்புங்கோ.